எட்டாம் இடத்தில் நின்றவர்

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், 2019 மார்ச் மாதம் ஒட்டிய தாள் ஒன்று இன்னும் இருக்கிறது. ஓரங்கள் மஞ்சளாகிவிட்டன, ஒரு மூலையில் சாம்பார் தெறித்த கறையும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் தேசியப் போட்டியில், அந்த ஆண்டு 133 பவுண்டு எடைப்பிரிவில் யார் யாரோடு மோதினார்கள் என்பதைக் காட்டும் பிராக்கெட் அது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நானே பேனாவால் பெயர்களை நிரப்பினேன். வீட்டுக்கு வரும் நண்பர்கள் அதைக் குழந்தையின் பள்ளிப் பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும், வந்தவுடன் செருப்பைக் கழற்றிய கையோடு அதன் முன்னால் போய் நின்று, "இன்னும் இதைக் கிழிக்கலையா தம்பி?" என்று கேட்பார். அவர் சேலத்துக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். இதாகா நகரில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததால் கார்னெல் பல்கலைக்கழக அணியின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்தவர். எடை குறைந்த பிரிவுகளில் இதுவரை நடந்தவற்றுள் மிகக் கடினமான பிராக்கெட் எது என்பதில் எனக்கும் அவருக்கும் ஆறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது.

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது தற்செயல்தான். வேலை நிமித்தமாகப் பென்சில்வேனியா மாநிலத்தின் பெத்லஹெமில் குடியேறினேன். ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டு, ஏசு பிறந்த ஊரா என்று அம்மா இரண்டு முறை விசாரித்தார். உண்மையில் இது பழைய எஃகு ஆலை நகரம். இந்தப் பள்ளத்தாக்கில் மல்யுத்தம் என்பது நம் ஊரில் கபடி மாதிரி. பக்கத்து வீட்டுக்காரரின் காது பூக்கோசு போலச் சுருண்டிருப்பதைப் பார்த்து ஏதோ விபத்து என்று நினைத்து அனுதாபப்பட்டேன். பள்ளியில் மல்யுத்தம் ஆடியதால் வந்தது என்று அவர் பெருமையோடு சொன்னார். அடுத்த சனிக்கிழமையே என்னை ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வழக்கைப் புரிந்துகொள்ளச் சில விதிகள் தெரிய வேண்டும். தேசியப் போட்டியில் பத்து எடைப்பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 33 பேர். மூன்று நாட்கள் நடக்கும். ஒரு முறை தோற்றால் பட்டம் போய்விடும், ஆனால் போட்டி முடிந்துவிடாது. தோற்றவர்களுக்கென்று ஓடும் கீழ்ப்பக்க ஆட்டங்களில் தொடர்ந்து வென்றால் மூன்றாம் இடம் வரை ஏறலாம். முதல் எட்டு இடங்களுக்குள் வருபவருக்கு 'ஆல் அமெரிக்கன்' என்ற பெயர் கிடைக்கும். அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் பட்டம். 33 பேருக்கும் ஒன்று முதல் 33 வரை தரவரிசை எண் கொடுத்து வரிசைப்படுத்தும் வழக்கம் 2019-இல்தான் தொடங்கியது. என் தாளில் எல்லாப் பெயர்களுக்கும் எண் இருப்பதற்கு அதுவே காரணம்.

எடைப்பிரிவுகளின் எண்களைப் பார்த்து நான் முதலில் குழம்பினேன். 125, 133, 141 என்று யார் இப்படி வகுத்தார்கள்? அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், ஒரு மாதச் சொச்சத்துக்குள், மூன்று கல்லூரி மாணவர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே இறந்துபோனார்கள். உடலில் உள்ள நீரை வியர்வையாக வெளியேற்ற ரப்பர் உடையணிந்து சூடான அறைகளில் பயிற்சி செய்வது அப்போது சர்வசாதாரணம். அதன் பிறகு ரப்பர் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன. முதல் நாளே எடை பார்த்துவிட்டு இரவெல்லாம் சாப்பிட்டுத் தேறும் ஏற்பாடு ஒழிந்து, ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் எடை பார்க்கும் முறை வந்தது. எடைப்பிரிவுகளையும் உயர்த்தினார்கள். 118 என்பது 125 ஆனது; 126 என்பது 133; 134 என்பது 141. ஏழு ஏழு பவுண்டு கூட்டியதால் வந்த எண்கள் இவை.

இனி என் தாளுக்கு வருகிறேன். 2019-இல் பிட்ஸ்பர்க் நகரின் பிபிஜி பெயின்ட்ஸ் அரங்கில் 133 பவுண்டுப் பட்டத்தை வென்றவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக் சுரியானோ. ஓக்லஹோமா ஸ்டேட்டின் டேட்டன் ஃபிக்ஸைக் கூடுதல் நேரத்தில் 4-2 என்று அவர் வீழ்த்தியபோது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வரலாற்றில் முதல் தேசியச் சாம்பியன் கிடைத்தார். மூன்றாம் இடம் மிச்சிகனின் ஸ்டேவான் மிசிச். நான்காவது ஒஹாயோ ஸ்டேட்டின் லூக் பிளெச்சர். ஐந்தாவது அயோவாவின் ஆஸ்டின் டிசான்டோ. ஆறாவது மிசூரியின் ஜான் எர்னஸ்ட். ஏழாவது மினசோட்டாவின் ஈத்தன் லிசாக். எட்டாவது, பென் ஸ்டேட்டில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ரோமன் பிராவோ-யங்.

பெயர்கள் பழக்கமில்லாதவர்களுக்கு இது வெறும் வரிசையாகத் தெரியும். மிசிச் முந்தைய ஆண்டு இதே எடையில் இறுதிப்போட்டி வரை வந்தவர். சுரியானோ முந்தைய ஆண்டு 125 பவுண்டு இறுதியில் அயோவாவின் ஸ்பென்சர் லீயிடம் தோற்றவர். ஏழாம் இடம் பெற்ற லிசாக், 2017-இல் 125 பவுண்டு இறுதிப்போட்டியில் ஆடியவர். அதாவது, பட்டத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் மிச்சமிருந்த நிலை வரை முன்பே போய்வந்தவர்கள் மூன்று பேர் இந்த ஒரே தாளில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு ஏழாம் இடம்தான் கிடைத்தது.

133 பவுண்டில் இப்படி நெரிசல் உண்டாவதற்கு நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். 18 வயதில் 125 பவுண்டுக்கு உடலை அடக்கி வைத்திருக்கும் பையன், 20 வயதில் தோள் விரிந்ததும் அதற்குள் அடங்குவதில்லை. ஒரு படி ஏறியாக வேண்டும். 141-இல் தன்னைவிட நீளமான கைகளோடு மல்லுக்கட்டிச் சலித்தவனுக்கோ ஒரு படி இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றும். மேலேறுபவர்களும் கீழிறங்குபவர்களும் சந்திக்கிற நடுத்தளம் 133. கனத்த பிரிவுகளில் இந்த நடமாட்டம் இவ்வளவு இல்லை. அங்கே அடுத்த படிக்கும் இந்தப் படிக்கும் இடைவெளி அதிகம். எடை குறைந்த மூன்று பிரிவுகளிலோ எட்டு பவுண்டுதான் வித்தியாசம். மூன்றரைக் கிலோவைக் கூட்டுவதும் கழிப்பதும் இந்த இளைஞர்களுக்கு ஒரு கோடை விடுமுறை வேலை.

சேலத்து அண்ணன் இதை ஒப்புக்கொள்வதில்லை. "கூட்டம் இருந்தா கஷ்டம்னு அர்த்தமா? ஜெயிச்சவன் யார் யாரைத் தாண்டி ஜெயிச்சான்னு பாரு," என்பது அவருடைய வாதம். அதற்கு அவர் எடுத்துவைக்கும் சான்று 2018-ஆம் ஆண்டின் 141 பவுண்டு. கார்னெலின் முதலாண்டு மாணவர் யானி டியாகோமிஹாலிஸ், கிளீவ்லாந்தில் நடந்த அந்தப் போட்டியின் நடுவில் முழங்காலின் ஏ.சி.எல். நார் கிழிந்த நிலையில், காலிறுதியில் டீன் ஹைலை வென்றார். ஹைல் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அதே எடையில் சாம்பியன். அரையிறுதியில் மிசூரியின் ஜெய்டன் ஐயர்மன். இறுதியில் வையோமிங்கின் பிரைஸ் மெரெடித், 7-4. கிழிந்த நாரோடு, இரு முறை சாம்பியனான ஒருவரையும், ஏற்கெனவே ஓர் இறுதிப்போட்டி ஆடிய ஒருவரையும் அடுத்தடுத்து வீழ்த்த வேண்டியிருந்த பாதை அது. யானி பின்னாளில் 141-இல் இன்னொரு பட்டமும் 149-இல் இரண்டும் வென்று, நான்கு பட்டங்கள் கண்ட மிகச் சிலரில் ஒருவரானார். அண்ணன் இதையெல்லாம் சொல்லும்போது, தன் தங்கை மகன் ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்ற கதையைச் சொல்பவர் போல இருப்பார்.

பாதை கடினம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாதை ஒருவருடையது. பிராக்கெட் 33 பேருடையது. புகழ்பெற்ற ஓர் ஆட்டம் முழுத் தாளையும் பிரகாசிக்க வைத்துவிடும் என்பதற்கு 1970-ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பள்ளியிலும் கல்லூரியிலும் அதுவரை தோல்வியே காணாத டான் கேபிளை, எவன்ஸ்டனில் நடந்த 142 பவுண்டு இறுதியில் லாரி ஓவிங்ஸ் 13-11 என்று வென்றார். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே அவர் தன் எடையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பிரிவுக்கு வந்தவர். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள். அதே ஆண்டு அதே பிரிவில் மூன்றாம் இடம் யாருக்கு என்று கேட்டால், அந்த ஆட்டத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட விழிப்பார்கள். இறுதிப்போட்டி எவ்வளவு பெரியது என்பது வேறு, பிராக்கெட் எவ்வளவு கடினமானது என்பது வேறு.

என் அளவுகோல் எட்டாம் இடம். அது எனக்குப் பிடிபட்டது பிட்ஸ்பர்க்கில்தான். வெள்ளிக்கிழமை இரவு அரையிறுதி ஆட்டங்கள் நடக்கும் அதே வேளையில், கீழ்ப்பக்கத்தில் 'பிளட் ரவுண்ட்' நடக்கும். ஒவ்வோர் எடையிலும் எட்டுப் பேர், நான்கு ஆட்டங்கள். வென்றால் முதல் எட்டில் இடம் உறுதி. தோற்றால் ஒன்றுமில்லை, அந்த ஆண்டு வந்ததற்கு அடையாளமே இருக்காது. நான் காபி வாங்கப் படியிறங்கியபோது, திரைச்சீலை மறைக்காத ஒரு நடைவழியில், சற்று முன் தோற்ற ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எந்த அணி, எந்த எடை என்பதெல்லாம் கவனத்தில் இல்லை. விரல்களில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை ஒவ்வொரு விரலாகப் பிரித்து, பிரித்ததை உள்ளங்கையில் உருட்டி உருண்டையாக்கிக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் முடிந்ததும் மறு கையைத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்த பிறகு அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் திரும்பி வந்தபோது காபி ஆறிப்போயிருந்தது; அரையிறுதி ஒன்றையும் தவறவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தத் தாளைப் பார்த்தாலும் என் கண் கீழ்ப்பக்கத்துக்குத்தான் போகிறது. எட்டாவதாக வந்தவர் இன்னோர் ஆண்டில் எத்தனையாவதாக வந்திருப்பார்? எட்டுக்குள் வராதவர்களில் எத்தனை பேர் முன்பு வந்தவர்கள்? 2013-இல் டிமாயின் நகரில் நடந்த 125 பவுண்டை எடுத்துக்கொள்ளலாம். சொந்த மாநில ரசிகர்கள் முன்னால் மூன்றாவது பட்டத்துக்காக இறங்கிய அயோவாவின் மேட் மெக்டோனா முதல் எட்டுக்குள்கூட வரவில்லை. இல்லினாயின் ஜெஸ்ஸி டெல்காடோ பட்டம் வென்றார். இறுதியில் தோற்ற பென் ஸ்டேட்டின் நிக்கோ மெகலூடிஸ் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் சாம்பியனானார். மூன்றாம் இடம் பெற்ற கார்னெலின் நாஷன் காரெட்டும் அதே 2016-இல்தான் 133-இல் பட்டம் கண்டார். இரு முறை சாம்பியனான ஒருவரை வெறுங்கையோடு அனுப்பிய பிராக்கெட் என்ற முறையில், என் பட்டியலில் இதற்கு இரண்டாம் இடம்.

இந்த அளவுகோலிலும் ஒரு கோளாறு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2024-இல் 125 பவுண்டில் முதல் தரவரிசை பெற்றிருந்த பென் ஸ்டேட்டின் பிரேடன் டேவிஸ் எட்டுக்குள் வரவில்லை. அரிசோனா ஸ்டேட்டின் ரிச்சர்ட் ஃபிகரோவா பட்டம் வென்றார். அந்தப் பருவம் முழுவதும் இந்த எடையில் யார் யாரை வெல்வார்கள் என்று சொல்ல முடியாத நிலை. அப்படியானால் அது மிகக் கடினமான பிராக்கெட்டா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தார்கள் என்பதற்கும், எல்லாரும் மிக உயரமாக இருந்தார்கள் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. குழப்பத்தைக் கடினம் என்று எண்ணிவிடும் தவறு எளிதில் நேரும். ஓர் ஆண்டுக்கு முன்பு, 2023-இல் டல்சாவில், அதே 125-இல் நடந்தது வேறு வகை. நான்காவது பட்டத்துக்கு வந்த ஸ்பென்சர் லீயை, அரையிறுதியில் ஆட்டம் முடிய ஒரே ஒரு விநாடி இருந்தபோது பர்டூவின் மேட் ராமோஸ் இரு தோள்களும் விரிப்பில் பதிய அழுத்தினார். லீ அதற்கு முன்பு ஒரு பட்டத்தை இரண்டு முழங்கால்களிலும் நார் கிழிந்த நிலையில் வென்றவர். இறுதியில் ராமோஸை வென்ற பேட் குளோரி, 1951-க்குப் பிறகு பிரின்ஸ்டனுக்குக் கிடைத்த முதல் சாம்பியன். அங்கே கவிழ்ந்தது ஒரு மலை. 2024-இல் மலையே இல்லை, மேடுகள்தான். ஃபிகரோவாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அண்ணனுக்கும் எனக்கும் உண்மையான சண்டை மூண்டது பிராவோ-யங்கை வைத்து. எட்டாவதாக வந்தவர் 2021-இலும் 2022-இலும் சாம்பியன், இரண்டு இறுதிகளிலும் அவரிடம் தோற்றவர் 2019-இல் இரண்டாம் இடம் பெற்ற அதே ஃபிக்ஸ், இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நான் ஒரு தீபாவளி விருந்தில் சொல்லிவிட்டேன். கூடவே மிசிச் 2023-இல் பெல்கிரேடில் செர்பியாவுக்காக 57 கிலோவில் உலகச் சாம்பியனானதையும், ஃபிக்ஸ் 2021-இல் ஆஸ்லோவில் 61 கிலோவில் வெள்ளி பெற்றதையும், சுரியானோ 2022-இல் மிச்சிகன் அணிக்காக 125-க்கு இறங்கி வந்து மறுபடி பட்டம் வென்றதையும் அடுக்கினேன். அண்ணன் முறுக்கை மென்று முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"தம்பி, நீ சொல்றது 2023-ஓட மிசிச்சையும் 2022-ஓட பிராவோ-யங்கையும். அன்னைக்கு பிட்ஸ்பர்க்ல இறங்கினது அவங்க இல்லையே. அன்னைக்கு பிராவோ-யங் காலேஜுல சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன். பின்னாடி வந்த சம்பளத்தைக் காட்டி, பத்தாம் வகுப்புல இவன்தான் முதல் மார்க்குனு சொல்ற மாதிரி இருக்கு."

பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். பின்னாளின் பதக்கங்களைக் கழித்துவிட்டுத் தாளை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றைய நாளில் அந்த 33 பேரும் என்னவாக இருந்தார்களோ அதை மட்டும் வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று அன்றே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அப்படிக் கழித்த பிறகும் முன்னாள் இறுதிப்போட்டியாளர்கள் மூன்று பேர் மிஞ்சினார்கள், ஏழாம் இடத்தில் லிசாக் மிஞ்சினார். தாளைக் கிழிக்காததற்கு அது போதும். ஆனால் இந்த உடன்படிக்கை அவருக்கும் செலவு வைத்தது: யானியின் நான்கு பட்டங்களை 2018 வாதத்தில் அவர் இனி இழுக்க முடியாது. 2018-இல் யானிக்கு முன் நின்ற ஹைலும் மெரெடித்தும் அன்றைக்கே பெரியவர்கள்தானே என்று அவர் கேட்கிறார். கேட்கட்டும்.

ஃபிக்ஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2023-இல் கார்னெலின் விட்டோ அருஜாவ் அரையிறுதியில் ஃபிக்ஸையும், இறுதியில் பிராவோ-யங்கை 10-4 என்றும் வென்று, அதே ஆண்டு 61 கிலோவில் உலகச் சாம்பியனும் ஆனார். ஃபிக்ஸ் கடைசி வரை கல்லூரிப் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் விடைபெற்றார். வேறு எடையிலோ வேறு ஐந்தாண்டுகளிலோ பிறந்திருந்தால் இரண்டு பட்டமாவது வென்றிருப்பார் என்பது என் எண்ணம். 133 பவுண்டு எவ்வளவு கடினம் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த சான்று சாம்பியன்கள் யாரும் இல்லை, இவர்தான்.

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை மதியம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 57 கிலோ வெண்கலப் பதக்க ஆட்டம். இந்தியாவில் இரவு ஏறிவிட்டது. அப்பா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு வைத்திருந்தார். நம் அமன் ஷெராவத்துக்கு எதிரே புவேர்ட்டோ ரிக்கோவின் சீருடையில் நின்றவர் டேரியன் குரூஸ். அப்பாவுக்கு அவர் யாரோ ஒருவர். எனக்கு அவர் இந்த ஊர்ப் பையன். பெத்லஹெமிலேயே பள்ளியில் படித்து, இங்குள்ள லீஹாய் பல்கலைக்கழகத்துக்காக 2017-இல் 125 பவுண்டுப் பட்டம் வென்றவர். அந்த இறுதியில் அவர் வீழ்த்தியது என் தாளில் ஏழாம் இடத்தில் இருக்கும் லிசாக்கை. யாருக்காகக் கத்துவது என்று தெரியாமல் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அமன் 13-5 என்று வென்றார். "ஜெயிச்சுட்டான்டா!" என்று அப்பா கத்தியது ஒலிபெருக்கியில் கரகரத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று மாலை வேலியோரம் நின்று, உங்கள் பையன் நன்றாக ஆடினான் என்று கை கொடுத்தார்.

அன்றிரவு 2017-இன் பிராக்கெட்டைத் தேடி எடுத்தேன். குரூஸ் அரையிறுதியில் வென்றது அயோவாவின் தாமஸ் கில்மனை. மூன்றாம் இடத்தோடு திரும்பிய அந்தக் கில்மன் 2021-இல் டோக்கியோவில் வெண்கலமும் அதே ஆண்டு ஆஸ்லோவில் உலகப் பட்டமும் வென்றார். சாம்பியன் ஓர் ஒலிம்பிக் பதக்க ஆட்டம் வரை வந்தவர், மூன்றாமவர் உலகச் சாம்பியன், தோற்ற இறுதிப்போட்டியாளர் இரண்டு ஆண்டுகளில் வேறு எடையில் ஏழாமவர். 2017-ஐயும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உற்சாகமாக அண்ணனுக்கு நீண்ட செய்தி அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: "உடன்படிக்கையை மறந்துட்டியா? பின்னாடி வந்த சம்பளம் செல்லாது."